கப்பலேறிய பாட்டனும் ஊரில் நின்ற பாட்டனும்

(ஆவடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அம்பத்தூரில் பகல் ஷிப்டு முடித்துக் கை கழுவிய ஈரம் காயாமல் வந்திருக்கிறீர்கள். பூந்தமல்லிக்கு மேற்கே நாற்று நட்டுவிட்டுக் காலில் சேற்றோடு வந்திருக்கிறீர்கள். போனஸைப் பற்றியும் கூலி உயர்வைப் பற்றியும் பேசப் பல கூட்டங்கள் உண்டு. இன்று நாம் நம் பாட்டனைப் பற்றிப் பேசுவோம்.

அப்பா பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் எல்லோரும் தூக்குவீர்கள். தாத்தா பெயர் என்றால் முக்கால்வாசிப் பேர் தூக்குவீர்கள். தாத்தாவின் தாத்தா பெயர் என்ன, எங்கே பிறந்தார், யாரிடம் வேலை செய்தார், எங்கே செத்தார் என்று கேட்டால்? கை ஒன்றுகூட மேலே போகாது. ராஜாக்களுக்குச் செப்பேடு இருக்கிறது. மிராசுதாரருக்குப் பத்திரம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? பாட்டன் இல்லாமல் நாம் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஏர் அவன் கையில் இருந்தது. எழுதுகோல் வேறொருவன் கையில் இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால், எழுதுகோல் பிடித்தவன் தன் லாபத்துக்காகச் சில இடங்களில் நம் பாட்டன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான். அந்த இடங்களைத் தேடிப் பிடிக்கலாம். எங்கள் குடும்பத்தில் நாங்கள் தேடிப் பார்த்த கதையை முதலில் சொல்லுகிறோம்.

எங்கள் ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் மாமியார் சொன்னதாக ஒரு கதை சொல்லுவார். "ரெண்டு பேருடா. பெரியவன் ஆண்டையண்டயே நின்னான். சின்னவன் தாது வருசப் பஞ்சத்துக்கு அப்பால பட்டணம் போயி கப்பலேறிப் பூட்டான். பூட்டவன் பூட்டவன்தான். ஒரு காயிதம் இல்ல" என்பார். எங்கள் தாத்தாவின் தாத்தாதான் அந்தப் பெரியவர். கப்பலேறியவர் அவருடைய தம்பி. சிறுவயதில் இதைக் கதையாகக் கேட்டுத் தூங்கிவிட்டோம். ஆயா காலமான பிறகுதான், அந்த நாலு வாக்கியத்துக்குள் எவ்வளவு சரித்திரம் இருந்தது என்று விளங்கிற்று.

ஆயாவுக்கு ஆங்கில வருஷம் தெரியாது. ஆனால் "தாது வருசப் பஞ்சம்" என்ற மூன்று சொல் போதும். தாது வருஷம் 1876-இல் பிறந்தது. அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் அதிகமான ஜனங்களை அது விழுங்கிற்று. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவனுக்கு வெள்ளை சர்க்கார் 1877-இல் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று கூலியைக் குறைத்தது. அதே சமயத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நம் கிழவிகள் "புயலடித்த வருசம்", "ரயில் விட்ட வருசம்" என்று சொல்லும்போது ஏளனம் செய்யாதீர்கள். அதுதான் அவர்களுடைய பஞ்சாங்கம். சென்னை ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-ந் தேதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. "ரயில் விட்டப்போ எங்கப்பன் கைக்குழந்தை" என்று ஒருவர் சொன்னால், அந்தக் குழந்தையின் வயதை நாம் கணக்குப் போட்டுவிடலாம்.

சின்னவர் எந்தக் கப்பலில் ஏறியிருப்பார்? எதற்காக அந்தக் கப்பல் வந்தது?

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி 1834-இல் அமுலுக்கு வந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பழைய கரும்புத் தோட்டத்தில் பழைய நிபந்தனையில் வேலை செய்ய விரும்பவில்லை. விரும்புவார்களா? தோட்ட முதலாளிகள் உடனே இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். மொரீஷியஸுக்கு 1834 முதல் ஆள் போகத் தொடங்கிற்று. அந்தத் தீவு ஒன்றுக்கு மட்டும் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் புறப்பட்டது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். 'டுரூரோ' என்ற அந்தக் கப்பல் 1860 நவம்பர் 16-ந் தேதி 342 பேருடன் டர்பனில் போய் நின்றது. 1911-ஆம் வருஷம் வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்து ஜனங்கள். செங்கற்பட்டு, வட ஆற்காடு, தஞ்சாவூர் என்று நம் ஜில்லாக்களின் பெயர்கள் அந்தப் பட்டியல்களில் வரிசை வரிசையாக நிற்கின்றன. தெலுங்கு ஜில்லாக்களும் உண்டு.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. வேலைக்கு வராதது கிரிமினல் குற்றம். யோசித்துப் பாருங்கள், தோழர்களே! இன்று லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். அன்று லீவு எடுத்தால் ஜெயில். ஐந்து வருஷம் முடித்துச் சுதந்திரமாக அங்கேயே குடியிருக்க நினைத்தவன் தலையில் 1895-ஆம் வருஷச் சட்டம் வருஷத்துக்கு 3 பவுன் வரி போட்டது. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் வாங்குகிறவனுக்கு அது ஆறு மாதச் சம்பளம்! வரி கட்டு, இல்லையேல் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை, அதுவும் முடியாது என்றால் ஊரைப் பார்த்துப் போ என்பதே அதன் அர்த்தம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கப்பலில் ஏற்றிய ஒவ்வொரு ஆளையும் வெள்ளைக்கார குமாஸ்தா பேரேட்டில் எழுதினான். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், இறங்கிய தேதி, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது வரை பத்தி பத்தியாகக் குறித்தான். பாசத்தினாலா எழுதினான்? ஓடிப்போனால் பிடித்து இழுத்துவர அடையாளம் வேண்டுமே! மாட்டுக்குச் சூடு போடுவதுபோல மனிதனுக்கு எண் போட்டான்.

ஆனால் சரித்திரத்தின் போக்கைப் பாருங்கள். அந்த முதலாளிகளின் ஒப்பந்தம் மண்ணோடு போயிற்று. அவர்கள் எழுதிய பேரேடு மட்டும் தென்னாப்பிரிக்காவின் ஆவணக் காப்பகங்களில் தங்கிவிட்டது. கூலியின் பேரன்களும் கொள்ளுப் பேத்திகளும் இன்று அதே பேரேட்டைப் புரட்டி, "இதோ எங்கள் பாட்டன்; இதோ எங்கள் கிராமம்" என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றியும் வைத்திருக்கிறார்கள். கிராமத்தின் பெயரைக் கண்டுபிடித்து, கடல் தாண்டி வந்து, நம் தெருக்களில் நின்று கண்ணீர் விட்டவர்கள் உண்டு. மொரீஷியஸிலும் பிஜித் தீவிலும் இப்படிப்பட்ட பதிவேடுகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. மொரீஷியஸில் கூலிகள் கரையிறங்கிய 'ஆப்ரவாசி காட்' என்ற இடத்தை 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐ.நா.வின் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஏற்றது. தாஜ்மகால் இருக்கும் பட்டியலில் கூலி கால் வைத்த கற்படியும் சேர்ந்துவிட்டது!

ஒரு குடும்பத்தின் வரலாற்றை மட்டும் சொல்லுகிறோம். சென்னை மாகாணத்திலிருந்து மொரீஷியஸுக்குப் போன ஒரு குடும்பத்தில் 1875-இல் பிறந்தவர் தம்பி நாயுடு. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்குப் போனார். காந்தி அங்கே நடத்திய சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை புகுந்தார். 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். சுரங்கத்தில் பிடித்த தீ கரும்புத் தோட்டங்களுக்குப் பரவிற்று. சுமார் 20,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். நவம்பர் 6-ந் தேதி எல்லையை நோக்கி நடந்த அணியில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தியே கணக்கு எழுதியிருக்கிறார். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் மற்றத் தமிழ்ப் பெண்களும் மூன்று மாதக் கடுங்காவல் அனுபவித்தார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நீங்கள் அறிவீர்கள். அந்த வருஷமே 3 பவுன் வரி ஒழிந்தது.

குடும்பக் கதை அதோடு முடியவில்லை. தம்பி நாயுடுவின் மகன் நாராயணசாமி தொழிற்சங்க ஊழியர். 1946-இல் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்து நடந்த இயக்கத்தில் நின்றார். பேரன் இந்திரஸ் நாயுடு 1963-இல் கைதாகி, நெல்சன் மண்டேலா இருந்த அதே ராபன் தீவுச் சிறையில் பத்து வருஷம் கல் உடைத்தார். பேத்தி சாந்தி 1969-இல் பிடிபட்டு, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து அதற்கும் தண்டனை பெற்றார். தாத்தா, மகன், பேரப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை! அந்தக் குடும்பம் பெட்டியில் பூட்டி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆஸ்தி நகையா, நிலமா? "உன் பாட்டன் யாருக்கும் தலை வணங்கவில்லை" என்ற ஒரே செய்தி. பாட்டன் கதை தெரிந்த பிள்ளை நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, எங்கள் சின்னவர் கிடைத்தாரா? ஓர் இளம் தோழர் துணையோடு நேட்டால் பட்டியலில் தேடினோம். எங்கள் சின்னவர் பெயர் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உள்ள பெயர். தகப்பன் பெயரும் அப்படியே. கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா தன் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதியிருக்கிறான். செங்கற்பட்டு ஜில்லா, அதே பெயர், ஏறத்தாழ அதே வயது என்று ஒன்றுக்கு மேற்பட்டவர் நிற்கிறார்கள். அவர்களில் எங்களவர் யார்? ஒருவேளை அவர் நேட்டாலுக்கே போகாமல் மொரீஷியஸுக்கோ பர்மாவுக்கோ போயிருக்கலாம். இவர்தான் என்று சொந்தம் கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை. ஊகத்தை உண்மை என்று எழுதுவது மிராசுதாரன் வழக்கம். நமக்கு அது வேண்டாம். ஆனால் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது. அவர்களில் எவர் எங்கள் பாட்டனாக இல்லை?

பெயர் எழுதப்படாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்கள் கங்காணியின் பின்னால் போனார்கள். நேட்டாலைப் போல ஆளுக்கொரு வரி எழுதிய கப்பல் பட்டியல் அவர்களுக்கு இல்லை. கங்காணியின் கடன் கணக்குத்தான் இருந்தது. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற உடனே ஒரு பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் அல்லது பாட்டன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பாட்டனுக்குச் சர்டிபிகேட் ஏது? சுமார் 7 இலட்சம் தோட்டத் தொழிலாளர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி என்று பிரித்தார்கள். எஞ்சியவர்களுக்கு முழு உரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக் கண்ணீர்! பாட்டன் பெயர் என்பது பொழுதுபோக்கு விஷயம் அல்ல, தோழர்களே. அது வாக்குச்சீட்டு, அது ரேஷன், அது நிற்க ஒரு மண்.

இனி ஊரில் நின்ற பெரியவர் கதை. செங்கற்பட்டு ஜில்லாவில் மிராசு முறை எவ்வளவு கொடியது என்று பெரியவர்கள் அறிவார்கள். 1843-இல் அடிமை முறையைச் சட்டம் கைவிட்டது. படியாள் முறை கைவிடவில்லை. உழுத நிலம் மட்டுமல்ல, படியாள் குடியிருந்த குடிசை மண்ணையும் மிராசுதாரன் தனது என்றான். ஆண்டையை எதிர்த்துப் பேசியவன் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தான். ஜில்லா கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891-இல் இந்தக் கொடுமைகளையெல்லாம் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ந் தேதி வந்த அரசாணைப்படி, தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு ஒதுக்கத் தொடங்கினார்கள். அவைதான் பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் என்று பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. பத்து வருஷம் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர் தவிர வேறு எவருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது.

எங்கள் பெரியவரின் மகன் பெயரில் அப்படி ஒரு துண்டு நிலம் இருந்ததாக ஆயா சொல்லுவார். "ஏரிக்கரைக்குக் கீழ, பனமரம் ரெண்டு நிக்குமே" என்பார். நாங்கள் பல மாதம் அலைந்தோம். "பழைய ரிஜிஸ்தர் இல்லை" என்றார்கள். "நாளைக்கு வா" என்றார்கள். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போட்ட பிறகு நகல் கிடைத்தது. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் ஒரு சர்வே எண். பக்கத்தில் பாட்டன் பெயர், அவருடைய தகப்பன் பெயர், 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து. தாழ்த்தப்பட்டோருக்கான நிபந்தனை நிலம் என்று பொருள். 1980-களில் 'யு.டி.ஆர்.' என்ற பெயரில் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது அந்த இரண்டு எழுத்து காணாமல் போயிற்று. பெயரும் மாறிப் போயிற்று. இன்று அங்கே பனைமரம் இல்லை. காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. மனு நடந்துகொண்டிருக்கிறது. நிலம் திரும்புமா என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் "உங்களுக்கு இங்கே என்ன பாத்தியதை?" என்று கேட்டவர் முன்னால் பாட்டன் பெயரை எடுத்து வைத்தோம். அன்று அந்த அறையில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.

எங்கள் குடும்பத்து ஆண்கள் கையெழுத்துப் போடத் தொடங்கி இரண்டு தலைமுறைதான் ஆகிறது. அந்த நகலைத் தெருவில் படித்துக் காட்டியபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் அழுதுவிட்டார். அடுத்த வரியில் இருந்தது அவருடைய பாட்டன் பெயர்!

செங்கற்பட்டில் 1994 அக்டோபர் 10-ந் தேதியை மறக்காதீர்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒரு பழைய பதிவேட்டின் ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்பதற்கு அவர்களே சாட்சி.

ஆலைத் தோழர்களே, இது கிராமத்து விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரம்பூர் பின்னி ஆலைக்கு நெசவு வேலைக்குப் போனவன் யார்? படியாளின் மகன். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதில் பெயர் கொடுத்தவன் யார்? அவனேதான். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தபோதும், 1960-களில் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தபோதும், ஏரைப் போட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தவன் அவன் பேரன். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சங்கச் சந்தாச் சீட்டு, பாஸ் புத்தகம், வேலைநீக்க உத்தரவு எல்லாம் சரித்திரப் பத்திரங்கள். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். இன்று நம் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களும் ஒரு கங்காணியின் பின்னால் ரயிலேறி வந்தவர்கள்தாம். இன்று அவன் பெயர் காண்ட்ராக்டர். அன்று நம் பாட்டனுக்கு எண் போட்டது விலங்கு. இன்று இந்தப் பிள்ளைகள் பலருக்கு மஸ்டர் ரோலில் பெயர் இல்லை, இ.எஸ்.ஐ. எண் இல்லை, பி.எப். எண் இல்லை. கை நசுங்கினால் "இவன் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்ல வசதியாகத்தான் எழுதாமல் விடுகிறார்கள். நூறு வருஷம் கழித்து அவன் கொள்ளுப்பேரன் தேடி வந்தால் என்ன கிடைக்கும்? அவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வைப்பது நம் வேலை. நேட்டாலில் நம் பாட்டன் அந்நியன். அம்பத்தூரில் அவன் அந்நியன். கப்பலேறியவனின் வம்சத்துக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

ஆகவே, தோழர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் மூத்த கிழவி யாரோ, அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பாட்டன் பெயர், பாட்டி பெயர், பாட்டியின் பிறந்த ஊர், யாரிடம் படியாள், எந்தப் பஞ்சம், எந்த ஏரி, எந்த மரம் என்று அவர் சொல்லுகிறபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். பெண்கள் பெயரை விட்டுவிடாதீர்கள்; பேரேடு எழுதியவர்கள் பெரும்பாலும் தகப்பன் பெயரைத்தான் கேட்டார்கள், நாம் தாயின் பெயரையும் கேட்போம். பிறகு தாலுகா ஆபீசில் 'அ' பதிவேட்டின் நகல் கேளுங்கள். யு.டி.ஆருக்கு முந்திய பதிவேட்டையும் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவாகப் போங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கும் தேடலாம். எழுதத் தெரியாத தோழருக்குச் சங்க ஆபீசில் உட்கார்ந்து நாங்கள் எழுதித் தருகிறோம்.

எங்கள் ஆயாவிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் எங்களுக்கு நூறு இருக்கின்றன. சின்னவர் கப்பலேறப் போன அன்று அவருடைய தாய் என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இனிக் கேட்க ஆள் இல்லை. உங்கள் வீட்டில் கேட்க இன்னும் ஆள் இருக்கிறது. இன்றைக்கே கேளுங்கள்.